வடக்கின் புலி அந்து ஒன்றுக்குப் பெயர் வைக்கும் முன்

அந்துப்பூச்சியின் படத்தை அனுப்பி, "இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, புது இனமாக இருக்குமோ?" என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். கேட்பது நல்லதுதான். சில சமயம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும். ஆனால் சந்தேகம் வந்த நாளுக்கும் அந்த உயிருக்குப் பெயர் கிடைக்கும் நாளுக்கும் நடுவே என்னதான் நடக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்ல எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கனடாவில் ஒரு பூச்சிச் சேகரிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். வடமேற்கே யூக்கான் மலைகளில் வாழும் ஒரு புலி அந்துப்பூச்சியைப் புதிய இனமாக விவரிக்கும் வேலையில், மூத்த ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஈடுபட்டிருக்கிறேன். கட்டுரை இப்போது ஆய்விதழ் ஒன்றின் பரிசீலனையில் இருக்கிறது. நாங்கள் தேர்ந்த பெயரை இங்கே சொல்ல மாட்டேன். விலங்குப் பெயரிடலுக்கு என்று ஒரு சர்வதேச விதித்தொகுப்பு உண்டு. அதன்படி ஒரு பெயர் முறையான விவரிப்போடு வெளியானால்தான் செல்லும். அதற்கு முன்பே பெயர் மட்டும் வெளியே உலவத் தொடங்கினால், உடலில்லாத பெயராக அது பட்டியல்களில் ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறவர்களைக் குழப்பும். ஆகவே நீங்கள் இதே வேலையில் இறங்கினால், கட்டுரை வரும்வரை பெயரைப் பேச்சிலும் பதிவிலும் விடாதீர்கள். மாதிரிகளின் சீட்டுகளில்கூட நாங்கள் பேரினப் பெயரோடு ஓர் எண்ணை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறோம்.

புலி அந்துகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கறுப்பு, வெண்மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பளிச்சென்ற இறகுகள், உடம்பெல்லாம் அடர்ந்த மயிர். இவற்றின் புழுக்கள்தான் கம்பளிப்பூச்சிகள். முன்பு தனிக் குடும்பமாக வைக்கப்பட்டிருந்த இவை, இப்போது எரிபிடே என்ற பெரிய குடும்பத்தின் துணைக்குடும்பமாக ஆர்க்டீனே என்ற பெயரில் இருக்கின்றன. எங்கள் அந்து இதில் கிராமியா என்று நெடுங்காலம் வழங்கிய கூட்டத்தைச் சேர்ந்தது. கறுத்த முன் இறகில் வெண்மஞ்சள் கோடுகள் வலைபோலப் பின்னியிருக்கும். 2016இல் ரோங்க்கா முதலானோர் மரபணு ஆய்வின் அடிப்படையில் கிராமியாவை அபான்டெசிஸ் என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இதனால் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும். சேகரிப்பகத்தில் பூச்சிகளைக் குத்தி வைக்கும் பழைய இழுப்பறைகளில் இன்னும் கிராமியா என்றுதான் இருக்கும்.

வேலை தொடங்கியது மலையில் இல்லை, இழுப்பறையில். அபான்டெசிஸ் குவென்செலி என்று ஓர் இனம் உண்டு. 1793இல் ஸ்வீடன் நாட்டு பைக்குல் விவரித்தது. ஐரோப்பாவின் வடக்கிலும் உயர்ந்த மலைகளிலும், ஆசியாவிலும், வட அமெரிக்காவிலும் பரவிக் கிடப்பது. இப்படிப் பரந்த இனத்தின் இழுப்பறைதான் புது இனங்கள் ஒளிந்திருக்க ஏற்ற இடம். வடக்கிலிருந்து வந்த, கறுப்பும் வெள்ளையுமான, சின்ன அந்து என்றால் யாரும் அதில் கொண்டுபோய்க் குத்தி வைத்துவிடுவார்கள். நான் அந்த இழுப்பறையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது யூக்கானிலிருந்து வந்த வரிசையில் சில ஆண் அந்துகள் மற்றவற்றோடு ஒட்டாமல் தெரிந்தன. இறகு சற்றுக் குறுகல். வெண்மஞ்சள் கோடுகள் மெலிந்து, இறகின் விளிம்புக்குப் போகும் முன்பே அறுந்திருந்தன. உணர்கொம்பின் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நிற்கும் கிளைகள் வழக்கத்தைவிட நீளம்.

மூத்தவரிடம் காட்டினேன். அவர் அந்துகளைப் பார்க்கவே இல்லை. "முதலில் சீட்டுகளை எல்லாம் தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள்" என்றார்.

ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்தியிருக்கும் காகிதச் சீட்டுகளைச் சொன்னார். இடம், தேதி, உயரம், பிடித்தவர் பெயர். சிலவற்றில் நுண்ணிய கையெழுத்து, சிலவற்றில் அச்சு. ஒன்றிரண்டில் "யூக்கான்" என்று மட்டும், அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் நல்ல சீட்டுகளை மட்டும் ஒரு பட்டியலாகப் போட்டதும் விஷயம் தெரிந்தது. குறுகிய இறகு அந்துகள் வந்த இடங்கள் எல்லாம் மர எல்லைக்கு மேலே, செடி அதிகம் இல்லாத கற்சரிவுகள். வழக்கமான வடிவம் பெரும்பாலும் புல்லும் பாசியும் நிறைந்த தூந்திராவிலிருந்து. அதைவிட முக்கியமானது, ஒரே மலையின் மேலும் கீழுமாக, ஒரே வாரத்தில், இரண்டும் பிடிபட்டிருந்தன. அருகருகே வாழ்ந்தும் நடுவாந்தர வடிவம் ஒன்றும் இல்லை என்றால் அங்கேதான் கவனிக்க வேண்டும். பிடித்தவர் உயரத்தையும் "கற்சரிவு" என்ற ஒரு சொல்லையும் எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பூச்சிகள் இன்னும் பல காலம் குவென்செலியாகவே இருந்திருக்கும். சீட்டு எழுதுவதை இளைஞர்கள் சலிப்பான வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் மதிப்பான பொருள் அதுதான்.

இறகின் நிறத்தை மட்டும் நம்பி யாரும் முடிவுக்கு வரக் கூடாது என்பதற்குப் புலி அந்துகளே சாட்சி. ஆர்க்டியா பிளான்டாஜினிஸ் என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்லாந்தில் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் யோகன்னா மாப்பஸ் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே இடத்திலேயே ஆணின் பின் இறகு வெள்ளையாகவும் இருக்கும், மஞ்சளாகவும் இருக்கும். பெண்ணுக்கு மஞ்சளிலிருந்து சிவப்பு வரை. எல்லாம் ஒரே இனம்தான். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட ஆர்க்டியா காஜாவில் ஒரு தாயின் பிள்ளைகள்கூட ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஆகவே ஒரு பூச்சியைப் பார்த்து "வேறு மாதிரி இருக்கிறது" என்பது ஒரு சேதி மட்டுமே. ஒரே இடத்திலிருந்து வந்த நீண்ட வரிசை வேண்டும். அப்போதுதான் ஓர் இனத்துக்குள் எவ்வளவு மாறும், எங்கே மாறாமல் நிற்கும் என்று தெரியும். எங்கள் வரிசையில் கோடுகளின் தடிமன் மாறியது, பின் இறகின் மஞ்சள் மாறியது. உணர்கொம்புக் கிளையின் நீளம் மாறவில்லை.

அப்புறம் மலைக்குப் போனோம்.

ஏன் யூக்கான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவின் பெரும்பகுதி பனித்தகட்டின் அடியில் கிடந்தது. ஆனால் யூக்கானின் வடக்கும் மேற்கும் அலாஸ்காவின் உட்பகுதியும் அப்போது மிகவும் வறண்டிருந்ததால் பனி மூடவில்லை. கடல் மட்டம் இறங்கியிருந்ததால் அங்கிருந்து சைபீரியா வரை நிலமாகவே இருந்தது. இந்த நிலத்தைத்தான் பெரிஞ்சியா என்கிறார்கள். மற்ற இடங்களில் பனியால் துடைக்கப்பட்ட பூச்சிகள் இங்கே தாக்குப்பிடித்தன. 2000இல் டிரப்ரிட்ஜும் லாஃபொன்டெயினும் யூக்கானிலிருந்து ஆர்க்டியா பிராகிப்டெரா என்ற புலி அந்தை விவரித்ததும், 1985இல் பெர்குசன் அலாஸ்காவையும் யூக்கானையும் சேர்ந்த கிராமியா பிலிப்பியானாவை விவரித்ததும் தற்செயல் அல்ல. இந்த நிலத்தை ஒழுங்காகத் தேடினால் இன்னும் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிலிப்பியானா என்ற பெயர் கெனெல்ம் பிலிப்பின் நினைவாக. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் இருந்தவர், படிப்பால் வானொலி வானியலாளர். அலாஸ்கா முழுக்கத் தன்னார்வலர்களைச் சேர்த்து அவர்களிடம் வலையையும் காகித உறைகளையும் கொடுத்து, போகிற இடமெல்லாம் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துகளையும் பிடித்து அனுப்பச் செய்தார். தனி மனிதர் எட்ட முடியாத மூலைகளிலிருந்தெல்லாம் மாதிரிகள் வந்து சேர்ந்தன. ஆய்வாளர் அல்லாதவர்கள் இந்தத் துறையில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் அவரைத்தான் காட்டுவேன்.

களத்துக்குப் போகும் முன் காகித வேலை. யூக்கானில் அறிவியல் ஆய்வுக்கு அறிவியலாளர், ஆய்வுப் பயணிகள் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்க வேண்டும். பூங்காக்களுக்குத் தனி அனுமதி. எந்தத் தொல்குடி மக்களின் பாரம்பரிய நிலத்தில் வேலை செய்யப்போகிறோமோ அவர்களிடமும் திட்டத்தைச் சொல்லிக் கலந்து பேச வேண்டும். டூம்ஸ்டோன் மலைப்பகுதி ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் நிலம், க்ளுவானே ஏரிப்பக்கம் க்ளுவானே மக்களின் நிலம். இதைக் கடைசி நேரச் சடங்காக வைத்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் பிடித்த பூச்சியை மூல மாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் காக்கப்படும் மாதிரியாக வைத்தால் அந்தக் கறை அந்த இனத்தின் பெயரோடு என்றைக்கும் இருக்கும்.

டாசன் நகருக்கு அருகே தொடங்கி இனுவிக் வரை 700 கிலோமீட்டருக்கு மேல் போகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. சரளைச் சாலை. 405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும். அதற்குத் தெற்கே ஒகில்வி மலைகளில்தான் எங்கள் தேடல். அந்துப்பூச்சி என்றால் இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டு உட்கார்வது என்றே நமக்குப் பழக்கம். ஜூன் கடைசியில் அங்கே இருட்டே இல்லை, விளக்குக்கு வேலையும் இல்லை. அங்குள்ள பல புலி அந்துகள் பகலில்தான் பறக்கின்றன, அதுவும் வெயில் அடிக்கும்போது மட்டும். மேகம் ஒன்று குறுக்கே வந்தால் பறந்துகொண்டிருந்த ஆண் அப்படியே கற்களுக்குள் விழுந்து மறைந்துவிடும். விழுந்த இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். கீழே பார்த்தால் கால் தப்பும், கண்ணை எடுத்தால் பூச்சி போய்விடும்.

வலையோடு துரத்துவதைவிட மூன்று வழிகள் எங்களுக்குப் பலன் தந்தன. தட்டைக் கற்களைப் புரட்டிப் பார்ப்பது முதலாவது. கற்களின் அடியில் மயிர் பின்னிய மெல்லிய கூடுகளும் காலிக் கூட்டுப்புழுத் தோல்களும் கிடைக்கும். இரண்டாவது, வெயில் ஏறிய நேரத்தில் கற்கள் மேல் ஊர்ந்து போகும் கம்பளிப்பூச்சிகளைச் சேர்த்து வளர்ப்பது. மூன்றாவது, அப்படி வளர்த்த ஒரு கன்னிப் பெண் அந்தை வலைக்கூட்டில் வைத்துச் சரிவில் தொங்கவிடுவது. பெண் வயிற்று நுனியை நீட்டி வாசனை விடத் தொடங்கியதும் காற்று போகும் திசையிலிருந்து ஆண்கள் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறி வந்தன. அதுவரை வெறும் கல்லாகத் தெரிந்த சரிவில் அத்தனை ஆண்கள் எங்கே இருந்தன என்று எங்களுக்குப் புரியவில்லை. பக்கத்து இனமான குவென்செலியின் ஆண் ஒன்றுகூட அந்தக் கூட்டுக்கு வராதது எங்களுக்கு முக்கியமான குறிப்பு. பெண் கூப்பிடத் தொடங்கிய நேரம், வெப்பநிலை, காற்று எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். கூடாரத்துக்குத் திரும்பி எழுதலாம் என்றால் பாதி போய்விடும்.

கம்பளிப்பூச்சி வளர்ப்பு பொறுமை கேட்கும் வேலை. இந்தக் கூட்டத்துப் புழுக்கள் பல வகைத் தாழ்ந்த செடிகளைத் தின்னும், டான்டலியன் இலை கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சிக்கல் உணவில் இல்லை, குளிர்காலத்தில். அவை புழுவாகவே உறைபனியைக் கடக்கின்றன. வடக்கின் குறுகிய கோடையில் வளர்ந்து முடிக்க ஒரு கோடை போதாமல் மறு ஆண்டுக்கும் இழுக்கும். அறைக்குள் சூடாக வைத்தால் தின்னாமலும் தூங்காமலும் சுருங்கிச் செத்துப்போகும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை. பாசியும் காய்ந்த இலையும் போட்ட, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து வெளியே, பனி மூடும் இடத்தில் விட்டுவிடுவதே நாங்கள் கண்ட நல்ல வழி. வசந்தத்தில் முதல் வெயிலுக்கு எழுந்து வரும் புழுவுக்கு உடனே இலை வேண்டும், முன்கூட்டியே தயாராக இருங்கள்.

இனி மேசைக்கு வருவோம். அந்துப்பூச்சி வகைப்பாட்டில் பெரிய சாட்சி இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. காய்ந்த அந்தின் வயிற்றை இடுக்கியால் மெல்ல மேல்நோக்கி ஒடித்தால் தனியே வந்துவிடும். அதை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு இளஞ்சூட்டில் வைத்தால் உள்ளே காய்ந்த சதை எல்லாம் கரைந்து, கடினமான பகுதிகள் மட்டும் நிற்கும். சூடாக்கப் பயந்தால் இரவு முழுக்க அப்படியே வைக்கலாம். பிறகு நீரிலும் ஆல்கஹாலிலும் மாற்றி, மயிர்த் தூரிகையால் செதில்களைத் துடைக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ்ப் பார்த்தால் புகை கலைவதுபோல் செதில் விலகி, தேன் நிறத்தில் உறுப்பு தெரியத் தொடங்கும். ஆணுக்கு இரண்டு பக்கமும் பிடிகள், நடுவே கொக்கி, தனியே உருவி எடுக்கக்கூடிய ஒரு குழல். அந்தக் குழலுக்குள் ஒரு மெல்லிய பை உட்புறமாக மடிந்திருக்கும். மெல்லிய ஊசிக் குழாயால் ஆல்கஹாலைச் செலுத்தி அதை வெளியே உப்ப வைக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் பிடிகளும் கொக்கியும் இனத்துக்கு இனம் பெரிதாக மாறுவதில்லை. பையின் வடிவிலும் அதன் மேலுள்ள நுண் முட்களின் அமைப்பிலும்தான் வேறுபாடு இருக்கிறது. அது உப்பி வரும்போது கை நடுங்கக் கூடாது. கொஞ்சம் அழுத்தம் கூடினால் கிழிந்துவிடும்.

எங்கள் அந்தின் பையில் பக்கவாட்டில் ஒரு கூடுதல் புடைப்பு இருந்தது. குவென்செலியில் அது இல்லை. அடுத்த ஆணிலும் இருந்தது, வேறு மலையிலிருந்து வந்த ஆணிலும் இருந்தது. அன்றைக்கு நானும் மூத்தவரும் மாறி மாறி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதுவரை சந்தேகமாக இருந்தது அன்றுதான் வாதமாக மாறியது.

ஒரு நடைமுறைக் குறிப்பு. உறுப்பை எடுத்த வயிற்றுத் தோலையும் அதே கண்ணாடிச் சில்லில் சேர்த்துப் பதியுங்கள். சில்லின் எண்ணை உடனே பூச்சியின் ஊசியில் சீட்டாகக் குத்துங்கள். வயிறில்லாத பூச்சியும் எண்ணில்லாத சில்லும் ஒருவருக்கும் உதவாது.

"இவ்வளவு எதற்கு, மரபணுவைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பார்கள். மரபணுப் பார்கோடு என்பது, செல்லுக்குள் ஆற்றல் தரும் சிறு உறுப்பான மைட்டோகாண்டிரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்து நீளப் பகுதி. கனடாவின் குவெல்ஃபில் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த முறை. ஒரு காலை எடுத்து அனுப்பினால் போதும். பல பூச்சிக் கூட்டங்களில் அருமையாக வேலை செய்கிறது. கிராமியா கூட்டத்தில் செய்வதில்லை. 2008இல் ஷ்மிட்டும் ஸ்பெர்லிங்கும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உருவத்தாலும் வாழ்க்கையாலும் தெளிவாக வேறான இனங்கள் ஒரே பார்கோடைப் பகிர்கின்றன, ஒரே இனத்துக்குள் வெவ்வேறு பார்கோடுகள் கலந்து கிடக்கின்றன. மைட்டோகாண்டிரியா தாய்வழியே மட்டும் இறங்குவது. எப்போதோ இரண்டு இனங்கள் கலந்திருந்தால், பிறகு அவை பிரிந்தே வாழ்ந்தாலும் ஒன்றின் மைட்டோகாண்டிரியா மற்றதில் தங்கிவிடும்.

எங்களுக்கும் அதேதான் வந்தது. புதிய அந்தின் பார்கோடு பக்கத்து இனத்தோடு கலந்து நின்றது. இந்தக் கூட்டத்தின் வரலாறு தெரியாத ஒருவர் அதைப் பார்த்ததும் "ஒரே இனம்தான்" என்று கோப்பை மூடியிருப்பார். நாங்கள் உட்கருவின் மரபணுக்களையும் பார்க்கச் செய்தோம், அங்கே இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. இதனால் நான் சொல்வது, உங்கள் கூட்டத்தில் பார்கோடு எவ்வளவு நம்பகமானது என்பதை முதலில் படியுங்கள், பிறகு காலைப் பிய்த்து அனுப்புங்கள். ஒத்துப்போவதையும் ஒத்துப்போகாததையும் இரண்டையும் கட்டுரையில் எழுதுங்கள். பாதகமான முடிவை மறைத்து வெளியிட்ட இனம் நிலைக்காது.

இவ்வளவும் ஆன பிறகு, இந்த வேலையின் மையமான கேள்வி வருகிறது. இது வேறு இனம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இதற்கு ஏற்கனவே யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா? 18ஆம் நூற்றாண்டிலிருந்து வடக்கின் புலி அந்துகளுக்கு ஐரோப்பியர், ரஷ்யர், அமெரிக்கர் எல்லோரும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே இனத்துக்குப் பல பெயர்கள், நிற வேறுபாடுகளுக்குக்கூடத் தனிப் பெயர்கள். அவற்றில் ஏதோ ஒன்று எங்கள் அந்துக்கு முன்பே வைத்த பெயராக இருக்குமானால், முந்திய பெயரே செல்லும், எங்கள் கட்டுரை தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு பழைய பெயரின் முதல் விவரிப்பையும் தேடிப் படித்து, அதன் மூல மாதிரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பார்க்க வேண்டும். லண்டன், வாஷிங்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஹெல்சிங்கி என்று சிதறிக் கிடக்கும். நேரில் போக முடியாத இடங்களில் காப்பாளர்களுக்கு எழுதிக் கேட்டால் பெரும்பாலும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். உணர்கொம்பை இன்ன கோணத்தில், இன்ன அளவுகோலோடு எடுங்கள் என்று தெளிவாகக் கேளுங்கள்.

யூக்கான் அந்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. பெரிஞ்சியா இரண்டு கண்டங்களிலும் கிடப்பதால், இதே அந்து ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் சுக்கோத்காவிலோ மகதானிலோ முன்பே பிடிபட்டு ரஷ்ய மொழியில் விவரிக்கப்பட்டிருக்கலாம். நோவோசிபிர்ஸ்கின் துபத்தோலொவ் முதலியவர்கள் சைபீரியப் புலி அந்துகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வட அமெரிக்கப் புத்தகங்களை மட்டும் புரட்டிவிட்டுப் புதிது என்று சொல்ல முடியாது. என் கணக்கில் எங்கள் உழைப்பில் பெரும்பங்கு இந்தக் கட்டத்துக்குத்தான் போனது, அதற்காக நான் வருந்தவில்லை. ஒரு பெயர் நூறு ஆண்டு நிற்க வேண்டுமானால் அதன் அடியில் இந்த வேலை இருந்தாக வேண்டும்.

எழுதுவது அதற்குப் பிறகு எளிது. விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று எழுத வேண்டும். ஒற்றை மாதிரியை ஹோலோடைப்பாக, அதாவது மூல மாதிரியாகக் குறித்து, எந்தச் சேகரிப்பகத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டும். மின்னிதழாக வருவதானால் 2012 திருத்தப்படி விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் வேண்டும். ஹோலோடைப்பைத் தேர்வதில் எங்களுக்குள் கொஞ்சம் விவாதம் நடந்தது. இருந்ததிலேயே அழகான மாதிரி பழையது, சீட்டில் இடம் தெளிவில்லை. இறகு ஓரம் சற்றுத் தேய்ந்த, ஆனால் சீட்டும் சில்லும் மரபணுவும் ஒருங்கே உள்ள ஆணையே தேர்ந்தோம். மற்ற மாதிரிகளை ஒரே கட்டடத்தில் குவிக்காமல் வேறு சேகரிப்பகங்களுக்கும் பகிர்ந்திருக்கிறோம்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லலாம். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் பெரும்பாலும் யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. அந்த நிலத்து மக்களின் மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுக்க விரும்பினால் அவர்களிடம் கேட்டு, அவர்கள் ஒப்பிய பிறகுதான் எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்டோம், பேசினோம். மிச்சத்தைக் கட்டுரை வந்த பிறகு சொல்கிறேன்.

பரிசீலகர்களில் ஒருவர் பெண் அந்தைப் பற்றிக் கூடுதலாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பெண் அதிகம் பறப்பதில்லை, அதனால் எங்களிடம் உள்ள பெண்கள் எல்லாம் வளர்த்தெடுத்தவை. காட்டில் அவை எந்தச் செடியில் முட்டையிடுகின்றன என்பதற்கு எங்களிடம் நேரடிச் சான்று இன்னும் இல்லை. அதனால் அடுத்த கோடையிலும் அங்கே போகிறோம்.

கனடாவில் இருக்கும் தமிழர்களில் சிலர் கோடை விடுமுறைக்கு வடக்கே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று தெரியும். டெம்ப்ஸ்டர் சாலையில் நின்று மலையைப் படம் எடுக்கும்போது காலடியையும் கொஞ்சம் பாருங்கள். கறுப்பில் வெண்மஞ்சள் கோடு போட்ட அந்து தெரிந்தால் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் உணர்கொம்பு தெரிய ஒரு படம், பின் இறகு தெரிந்தால் இன்னொன்று. கைப்பேசியில் இடக்குறிப்பை இயக்கி வையுங்கள். நேரம், வெயிலா மேகமா, கல்லா புல்லா என்று எழுதுங்கள். கம்பளிப்பூச்சி ஏதாவது இலையைத் தின்றுகொண்டிருந்தால் அந்தச் செடியின் பூவையும் இலையையும் தனியே படம் எடுங்கள், அந்த ஒரு படம் எங்களுக்குப் பெரிய உதவி. உரிமம் இல்லாமல் எதையும் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்த பிறகு அது முன்பு கிடந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள், அடியில் கூடு இருக்கலாம்.